பிரிட்ஜ் கதவில் ஒன்பது பேர்

பக்கத்து வீட்டு அம்மாவின் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பேரப்பிள்ளைகளின் போட்டோ, பல் டாக்டரின் அட்டை, பீட்சா கூப்பன், இத்தனைக்கும் நடுவில் ஒரு நண்டு பொம்மைக் காந்தம் அந்தத் தாளைக் கவ்விப் பிடித்திருக்கும். பென்சிலில் எழுதிய ஒன்பது பெயர்கள், எதிரே பிறந்த வருடம். முதல்முறை பார்த்தபோது, பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப வேண்டிய சொந்தக்காரர்களின் பட்டியல் என்றுதான் நினைத்தேன். மேலே இருந்த பெயர் கின்ஸ்பர்க், 1933. அதற்குக் கீழே கென்னடி, 1936. பிறகு பிரையர், 1938.

"யார் இவங்க எல்லாம்?" என்று கேட்டேன்.

"இந்த நாட்டை நடத்துறவங்க" என்றார். சிரிக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள்.

"ஏன் பென்சில்?"

"அழிக்க வேண்டி வருமே."

வடக்கு வர்ஜீனியாவுக்கு 2009-ல் வந்தேன். கணவருக்கு எச்-1பி வேலை விசா, அவர் மனைவி என்ற முறையில் எனக்கு எச்-4 விசா. அதாவது சமைக்கலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம், சம்பளம் மட்டும் வாங்கக்கூடாது. அந்தக் காலத்தில் எனக்கு இந்த நாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் இந்த அம்மாதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மனசுக்குள் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது இன்றுவரை வாயில் வரவில்லை, அதனால் பெரும்பாலும் கூப்பிடாமலேயே பேச ஆரம்பித்துவிடுவேன்.

2020 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. கொரோனா காலம். பொழுது சாய்ந்த பிறகு குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனேன். டீச்சரம்மா தன் வாசல் படியில் கையில் போனோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆறடி தள்ளி நின்று என்னவென்று கேட்டேன். "ரூத் போயிட்டா" என்றார். அவருடைய அக்காவாக இருக்கும் என்று நினைத்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாக்கியம் போனபிறகுதான் அது நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்று புரிந்தது. வாஷிங்டனில் நீதிமன்றப் படிகளில் அன்று இரவே ஆட்கள் மெழுகுவர்த்தியோடு கூடிவிட்டார்கள்.

சென்னையில் இருபத்தாறு வருடம் இருந்திருக்கிறேன். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் பதவியில் இருக்கும்போதே இறந்து, அதற்காக யாரோ வாசலில் உட்கார்ந்து அழுது நான் பார்த்ததில்லை. நம்முடைய ஆட்கள் கல்நெஞ்சுக்காரர்கள் என்பதால் அல்ல. தில்லியில் மொத்தம் 34 இடம். இரண்டு பேர், மூன்று பேர் என்று அமர்வு அமர்வாகப் பிரிந்து உட்காருவார்கள். 65 வயதானால் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருவர் போனால் அடுத்தவர். இங்கே அப்படியில்லை. ஒன்பதே பேர். 1869-லிருந்து அதே எண்ணிக்கை. ஒன்பது பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து எல்லா வழக்கையும் சேர்ந்தே கேட்பார்கள். ஓய்வு வயது கிடையாது. 'நன்னடத்தை உள்ள வரை' பதவி என்கிறது அரசியலமைப்பு. தானாக விலக வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். நாடாளுமன்ற மேலவையான செனட் விசாரித்து நீக்கவும் வழி உண்டு, ஆனால் அப்படி நீக்கப்பட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

கூட்டுக் குடும்பத்தில் பத்திரம் தாத்தா பேரில் இருந்தால், தாத்தாவின் இருமலை வீடே காதுகொடுத்துக் கேட்கும் இல்லையா? அதேதான். முப்பத்துமூன்று கோடிப் பேர் ஒன்பது பேருடைய இருமலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருமுறை டீச்சரம்மா என்னை நீதிமன்றத்துக்கே கூட்டிப்போனார். மார்ச் மாதக் குளிரில் விடிவதற்கு முன்னாலேயே வரிசையில் நின்றோம். அனுமதி இலவசம். யார் வேண்டுமானாலும் வரலாம், போன் மட்டும் உள்ளே போகாது. பத்து மணிக்குச் சிவப்புத் திரைகளுக்கு இடையிலிருந்து ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு முன் ஒருவர் எழுந்து பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றை மூன்றுமுறை கூவினார். நம்மூர் கோர்ட் டவாலிதான், கோட்டு சூட்டு மட்டும் கூடுதல். நடுவில் தலைமை நீதிபதி. அவருக்கு இருபுறமும் பணிமூப்புப்படி மாறி மாறி. ஆகக் கடைசியாக வந்தவர் ஓரத்தில். அந்தக் கடைசி ஆள்தான், ஒன்பது பேர் தனியாகக் கூடிப் பேசும் அறையில் கதவு தட்டினால் எழுந்து போய்த் திறக்க வேண்டும். வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை, குமாஸ்தாவுக்கும் இல்லை. கட்டட கேன்டீன் கமிட்டியும் அவர் தலையில்தான். உலகத்தை ஆட்டிவைக்கிறவர் சூப்பில் உப்புக் குறைவு என்ற புகாரையும் கேட்கிறார் என்றபோது எனக்கு என்னவோ மாமியார் வீட்டுக் கடைசி மருமகள் ஞாபகம் வந்தது.

வழக்கறிஞர் மேசையில் வெள்ளை இறகுப் பேனாக்கள் வைத்திருந்தார்கள். நினைவாக எடுத்துப்போகலாமாம். வழக்கு ஏதோ பேடன்ட் சமாசாரம், எனக்குப் பாதி புரியவில்லை. பக்கத்துக்கு அரை மணி நேரம், மொத்தம் ஒரு மணியில் முடிந்துவிட்டது. வாய்தா என்ற சொல்லோடு வளர்ந்தவளுக்கு அதுவே ஒரு காட்சி. வெளியே வந்ததும் நான் கட்டடத்தைப் பற்றிப் பேசினேன். டீச்சரம்மா, தனக்கு ஆகாத பழமைவாத நீதிபதி ஒருவரைப் பற்றி, "தாமஸ் நடையைப் பார்த்தியா? நல்லாத்தான் நடக்கிறார்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அடுத்த நிமிடமே, "கடவுளே, நான் என்ன பேசுறேன்" என்று தானே தலையில் தட்டிக்கொண்டார்.

இந்த எண்ணம் எல்லாருக்கும் வருவதுதான். வெளியே சொல்லமாட்டார்கள்.

வில்லியம் டக்ளஸ் என்று ஒருவர். 1939-ல் ரூஸ்வெல்ட் நியமித்தார். 36 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார், இன்றுவரை அதுவே நீண்ட காலம். 1974-ன் கடைசி நாள் பக்கவாதம் தாக்கியது. சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். விலக மறுத்தார். அவர் இடத்தில் ஆளை நியமிக்கப்போவது அன்றைய ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட். 1970-ல் டக்ளஸைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் முன்னால் நின்ற அதே ஃபோர்ட். கடைசியில் மற்ற நீதிபதிகள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: டக்ளஸின் ஓட்டுதான் முடிவைத் தீர்மானிக்கும் என்றால் அந்த வழக்கைத் தள்ளிவைப்பது. ஒரு நீதிபதியின் ஓட்டை ஓசையில்லாமல் எடுத்துவிட்டார்கள். 1975 நவம்பரில் ஒருவழியாக விலகினார். விலகிய பிறகும் தான் இன்னும் நீதிபதி என்ற நினைப்பில் வழக்குகளில் கலந்துகொள்ளப் பார்த்தாராம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கடைச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு, விடிந்ததும் பழக்கத்தில் கடைக்கே கிளம்பும் பெரியவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

சாவு வரலாற்றைத் திருப்பிய கதையும் உண்டு. பள்ளிகளில் கறுப்புக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் பிரித்துவைப்பது செல்லுமா என்ற பிரவுன் வழக்கு 1952 டிசம்பரில் விசாரணைக்கு வந்தது. நீதிபதிகள் பிளவுபட்டுக் கிடந்தார்கள். மறுபடி வாதாடச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். இடையில் 1953 செப்டம்பரில் தலைமை நீதிபதி வின்சன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். 'கடவுள் இருக்கிறார் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சாட்சி இது' என்று சக நீதிபதி பிராங்க்ஃபர்ட்டர் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. வின்சன் இடத்துக்கு வந்தவர் ஏர்ல் வாரன். கலிபோர்னியா ஆளுநர், அரசியல்வாதி, அதற்கு முன் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை. அவர் ஒவ்வொருவராகப் பேசிப் பேசிக் கரைத்தார். 1954 மே 17 அன்று ஒன்பதுக்கு ஒன்பது. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் கிடந்த ராபர்ட் ஜாக்சன்கூட அன்று எழுந்து வந்து இருக்கையில் உட்கார்ந்தார், ஒருவரும் குறையாமல் நாடு பார்க்கட்டும் என்று.

டீச்சரம்மா வெள்ளைக்காரர். தெற்கு வர்ஜீனியாவில், பார்ம்வில் ஊருக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். பிரவுன் வழக்கு என்று நாம் சொல்வது உண்மையில் ஐந்து ஊர் வழக்குகளின் கட்டு. அதில் ஒன்று பார்ம்வில் வழக்கு. 1951 ஏப்ரலில் அங்கே மோட்டன் என்ற கறுப்பர் உயர்நிலைப் பள்ளியில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், தார்க்காகிதம் போர்த்திய கொட்டகை வகுப்பறைகளைக் கண்டித்து மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். வழக்கு அங்கிருந்து கிளம்பியது. மூன்று வருடத்தில் ஜெயித்தும் விட்டது.

ஜெயித்து என்ன ஆயிற்று? 1959-ல், சேர்த்து உட்காரவைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, அந்த மாவட்டம் தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டியது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று முளைத்தது. கறுப்புக் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. சிலர் வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள், பலர் படிப்பையே விட்டார்கள். 1964 வரை, ஐந்து வருடம். திறக்கவைப்பதற்கு மறுபடி அதே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

"நான் அந்தப் புதுப் பள்ளிக்குத்தான் போனேன்" என்று டீச்சரம்மா ஒருநாள் சொன்னார். பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். சாம்பார் கற்றுக்கொள்ள வந்திருந்தார். "எங்க வீட்டில் துணி வெளுத்துக் கொடுத்த அம்மாவுக்கு என் வயசில் ஒரு பொண்ணு. அவ போகலை. எனக்கு அப்போ ஒண்ணும் தோணலை. ஒண்ணுமே தோணலை, அதுதான்." அதற்குப் பிறகு பூண்டு முடியும்வரை பேசவில்லை. அவர் ஏன் ஆசிரியை ஆனார் என்று நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒன்பது பேர் சொன்னால் மலை நகரும் என்று நினைப்பவர்களிடம் பார்ம்வில்லைத்தான் சொல்வேன். ஒன்பது பேர் சொன்னாலும் நகராது என்பவர்களிடமும் அதையேதான் சொல்வேன். துணி வெளுத்த அம்மாவின் பெண்ணுக்குத் தீர்ப்பு பத்து வருடம் தாமதம். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது இல்லாமல் கதவே இல்லை.

ஜனாதிபதி பெயர் சொல்லி, செனட் ஓட்டுப் போட்டு ஏற்கும் இந்த நியமனங்கள் ஒரு காலத்தில் இவ்வளவு ரணகளமாக இல்லை. பழமைவாதிகளின் பெருந்தலை ஆன்டனின் ஸ்காலியா 1986-ல் 98-0 என்று செனட்டில் தேறினார். தாராளவாதிகளின் செல்லம் கின்ஸ்பர்க் 1993-ல் 96-3. இருவரும் தீர்ப்பில் கத்திச்சண்டை போட்டுவிட்டு ஓபராவுக்கு ஒன்றாகப் போவார்கள். 1994-ல் இந்தியா வந்தபோது ஒரே யானை மேல் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் பிரபலம். ஸ்காலியா முன்னால், கின்ஸ்பர்க் பின்னால். பெண்ணுரிமை பேசும் நீங்கள் ஏன் பின்னால் உட்கார்ந்தீர்கள் என்று தோழிகள் கேட்டதற்கு, எடையைச் சமன்படுத்த யானைப்பாகன் சொன்ன ஏற்பாடு என்றாராம். ஸ்காலியா நல்ல கனம்.

அந்த ஸ்காலியா 2016 பிப்ரவரி 13 அன்று டெக்சாஸில் வேட்டைக்குப் போன இடத்தில் தூக்கத்திலேயே இறந்தார். அடுத்த சில வாரம் எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழு தூங்கவே இல்லை. காரணம், ஒபாமாவின் பரிசீலனையில் ஸ்ரீ சீனிவாசன் பெயர். திருநெல்வேலிப் பக்கத்து மேலத்திருவேங்கடநாதபுரம் பூர்வீகம். சண்டிகரில் பிறந்து கான்சாஸில் வளர்ந்தவர். 2013-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97-0 என்று தேறி, பகவத் கீதை மேல் கைவைத்துப் பதவியேற்றவர். தாமிரபரணித் தண்ணீருக்கு உச்ச நீதிமன்ற நாற்காலி என்று ஒருவர் கவிதையே எழுதிவிட்டார். மார்ச் 16 அன்று ஒபாமா அறிவித்தது மெரிக் கார்லண்டை. குழு சோகத்தில் ஆழ்ந்தது. பிறகு நடந்ததைப் பார்த்து, தப்பித்தார் நம்மாள் என்று அதே குழு பெருமூச்சு விட்டது. குடியரசுக் கட்சி கையில் செனட். தேர்தல் வருடத்தில் நியமனம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 293 நாள், கார்லண்டுக்கு ஒரு விசாரணைகூட வைக்கவில்லை.

அந்தக் காலி நாற்காலியும் சும்மா இருக்கவில்லை. ஆவணமில்லாமல் வாழும் பெற்றோர்களை நாடுகடத்தாமல் வேலை செய்ய விடும் ஒபாமாவின் திட்டம் நீதிமன்றத்தில் இருந்தது. நாற்பது லட்சம் பேர் வரை பயனடைந்திருப்பார்கள். 2016 ஜூன் 23, நான்குக்கு நான்கு. சமமாகப் பிரிந்தால் கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிலைக்கும். கீழ்க்கோர்ட் திட்டத்தை நிறுத்தியிருந்தது. தீர்ப்பு ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் சரியாக ஒன்பது சொல். நாற்காலி ஒன்றுக்கு ஒரு சொல் என்று நான் எண்ணிப் பார்த்தேன், காலி நாற்காலியையும் சேர்த்து.

எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் தேவாலயத்தில் மூப்பராக இருப்பவர். பனி பெய்தால் சொல்லாமலேயே எங்கள் நடைபாதையையும் சேர்த்து வழித்துவிட்டுப் போகும் மனிதர். 2016-ல் டிரம்பின் பேச்சும் நடத்தையும் அவருக்கு அறவே பிடிக்கவில்லை. "ஆனா அவர் லிஸ்ட் போட்டுக் கொடுத்துட்டாரே" என்றார். அந்த மே மாதமே, நான் வந்தால் இவர்களிலிருந்துதான் எடுப்பேன் என்று பதினோரு பெயர்களை டிரம்ப் வெளியிட்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் மனிதருக்கு ஓட்டுப் போடவில்லை, லிஸ்டுக்குப் போட்டார். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கருத்துக்கணிப்பில் ஐந்தில் ஒருவர், தங்கள் முடிவுக்கு முதல் காரணமே உச்ச நீதிமன்ற நியமனங்கள்தான் என்றார்கள். ஜிம்மி கார்ட்டர் நான்கு வருடம் முழுதாக ஆண்டார், ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. டிரம்புக்கு அதே நான்கு வருடத்தில் மூன்று.

மூன்றாவதுதான் டீச்சரம்மா அழுத நாற்காலி. அவருடைய அழுகையில் பாதி கோபம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கின்ஸ்பர்க்குக்கு 1999-ல் குடலில் புற்றுநோய், 2009-ல் கணையத்தில். 2014-ல், வெள்ளை மாளிகையும் செனட்டும் ஜனநாயகக் கட்சியிடம் இருக்கும்போதே விலகிவிடுங்கள் என்று சட்டப் பேராசிரியர்கள் பத்திரிகையில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அவர் கேட்கவில்லை. தண்டால் எடுக்கும் படம் வந்தது, அவர் முகம் போட்ட காபிக் கோப்பை வந்தது. டீச்சரம்மா வீட்டிலும் ஒன்று இருந்தது. 87 வயதில், தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது இறந்தார். 38 நாளில் ஏமி கோனி பாரெட் 52-48 என்று தேறினார், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு. 2016-ல் தேர்தல் வருடத்தில் கூடாது என்றவர்கள்தான். அந்தக் கோப்பையில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன. "நான் அவளை மன்னிக்கலை" என்கிறார் டீச்சரம்மா, இறந்துபோன தங்கையைப் பற்றிப் பேசுகிற குரலில்.

2022 ஜூன் 24. கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமை என்ற 1973-ம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். வழக்குக்குக் காரணமான, கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் மிசிசிப்பி மாநிலச் சட்டம் செல்லும் என்றவர்கள் ஆறு பேர். ஆனால் பழைய தீர்ப்பையே அடியோடு தூக்க வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர்தான், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதில் சேரவில்லை. ஐந்தாவது ஓட்டு பாரெட். சில மாநிலங்களில் அன்று மாலைக்குள் சட்டம் மாறிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கண் கலங்கி, "ஐம்பது வருஷ ஜெபம்" என்றார். டீச்சரம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார். என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. இரண்டு வீட்டிலும் பிஸ்கட் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை.

நான் எந்தப் பக்கம் என்றால், டீச்சரம்மா பக்கம்தான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. இரண்டு வீட்டு ஆனந்தமும் அழுகையும் ஒரு பெண்மணியின் கணையம் எத்தனை வாரம் தாங்கியது என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடம் என்று பதவிக்காலத்துக்கு வரம்பு போடலாம் என்கிறார்கள், 2024-ல் பைடனும் சொன்னார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. நம்மூர் மாதிரி 65 என்று வைத்தால் வேறு வியாதி வரும். ஓய்வுக்குப் பிறகு எந்தப் பதவி கிடைக்கும் என்று பார்க்கிற வியாதி. தலைமை நீதிபதியாக இருந்தவர் ஆளுநர் மாளிகைக்குக் குடிபோனதை நாமும் பார்த்தவர்கள்தானே.

என் கதைக்கு வருகிறேன். 2015 மே மாதம் எச்-4 மனைவிமாரில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்று விதி வந்தது. ஆறு வருடம் கழித்து எனக்கு என்று ஒரு சம்பளம். ஆனால் விதி நடைமுறைக்கு வருமுன்பே, வேலையிழந்த கலிபோர்னியக் கணினி ஊழியர்களின் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டுவிட்டது. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த வழக்கு பத்து வருடம் கீழும் மேலும் போய்க்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ஒரு செடி வாங்கி வைக்கக்கூட யோசிப்பேன், நாளைக்கு இருப்போமா என்று. கடைசியில் உச்ச நீதிமன்றக் கதவுக்கு வந்தது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களில் அவர்கள் விசாரணைக்கு எடுப்பது அறுபது, எழுபது. ஒன்பதில் நான்கு பேர் சரி என்றால்தான் வழக்கு உள்ளே போகும். 2025 அக்டோபரில் மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் கிடையாது, கையெழுத்து கிடையாது. நீண்ட பட்டியலில் ஒரு வரி. அவர்கள் பேசாமல் இருந்ததாலேயே என் வேலை பிழைத்தது.

டீச்சரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது. "எனக்குத் தெரியாம இதுவும் நடந்திருக்கா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு என் மகளைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் இல்லை, இங்கே பிறந்தவள், குடிமகள். அந்த 'இங்கே பிறந்தவள்' என்ற சொல்லுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரரைக் கப்பலிலிருந்து இறங்கவிடாமல் தடுத்தபோது, 1898-ல் அவர் குடிமகன்தான் என்றார்கள், ஆறுக்கு இரண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்கும் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரியில் வந்த ஜனாதிபதியின் உத்தரவு அதை மறுபடி கிளறியது. அந்த வழக்கும் அதே ஒன்பது பேரிடம்தான் போனது. என் மகளுக்குப் பாதிப்பில்லை, உத்தரவு இனிப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் அப்போது மூன்று பேர் மாசமாக இருந்தார்கள்.

காபி கலக்க டீச்சரம்மா உள்ளே போனபோது பிரிட்ஜ் தாளைப் பார்த்தேன். பலமுறை அழித்து எழுதியதில் தாள் நைந்து, ஓரிடத்தில் கிழிந்தேவிட்டது. மேலே தாமஸ், 1948. ஆகக் கீழே பாரெட், 1972. ஆசிரியர் கையெழுத்து, உருண்டை உருண்டையாக. பாரெட்டும் கின்ஸ்பர்க் போல எண்பத்தேழு வரை இருந்தால் என்று மனக்கணக்குப் போட்டேன். 2059. என் மகள் பிறந்தது 2011. அன்று அவளுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். பாரெட் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது இருந்த அதே வயது.

"சர்க்கரை எத்தனை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.